மதுரையில் புது பைக் எடுத்து ஒரே நாளில் ராமநாதபுரம் கடற்கரைக்கு ஓட்டி வருவது: முழுமையான வழிகாட்டி

கேட்ட மாடலோ நிறமோ ராமநாதபுரத்தில் கிடைக்காதபோது, மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரை, தேவிபட்டினம் பக்கத்து ஆட்கள் மதுரையில் புக் செய்கிறார்கள். டெலிவரி நாளில் இரண்டு பேர் பழைய பைக்கில் போய், இரண்டு பைக்கில் திரும்புவதுதான் வழக்கம். அந்த ஒரு நாளுக்கான வழிகாட்டி இது.

தூரம்: மதுரை–பரமக்குடி சுமார் 75 கி.மீ., நான்கு வழிச் சாலை. பரமக்குடியிலிருந்து ராமநாதபுரம் சுமார் 40. அங்கிருந்து ராமேஸ்வரம் இன்னும் 55. ஆக, ராமநாதபுரத்துக்காரருக்குப் போக வர 230, ராமேஸ்வரத்துக்காரருக்கு 340 கி.மீ. தொண்டி, திருவாடானைக்காரர்கள் சிவகங்கை, காளையார்கோவில் வழியாக வருவார்கள். பாதைதான் வேறு, வரிசை இதேதான்.

1. திரும்பும் நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

பெரும்பாலானவர்கள் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்றுதான் யோசிக்கிறார்கள். முதலில் யோசிக்க வேண்டியது, எத்தனை மணிக்குள் மதுரையை விட்டு வெளியே வர வேண்டும் என்பது. புது வண்டியை மெதுவாகத்தான் ஓட்ட முடியும். நிறுத்தங்களையும் சேர்த்தால் ராமநாதபுரம் வர மூன்றரை மணி நேரம், ராமேஸ்வரம் வர ஐந்து மணி நேரம் ஆகும். கார்த்திகை, மார்கழியில் மாலை ஆறு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும்.

அதனால் ராமநாதபுரத்துக்காரருக்கு மதியம் 2 மணி கெடு. ராமேஸ்வரத்துக்காரருக்கு 1 மணி. டெலிவரி அதைத் தாண்டி இழுத்தால் ராமேஸ்வரத்துக்காரர் ராமநாதபுரத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு விடிந்ததும் கிளம்பலாம். இதை முந்தின நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டில் நின்று முடிவெடுத்தால், "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்ற எண்ணம்தான் ஜெயிக்கும்.

2. நாள் பார்ப்பது

நல்ல நேரம் பார்ப்பவர்கள் ராகு காலத்தையும் திட்டத்தில் சேர்த்தே கணக்குப் போடுங்கள். புதன்கிழமை 12 முதல் 1.30 வரை ராகு காலம். பேப்பர் வேலை 12-ஐத் தொட்டுவிட்டால் சாவி கைக்கு வர 1.30 தாண்டிவிடும், ராமேஸ்வரம் கெடு போய்விடும். வியாழன் 1.30 முதல் 3 வரை என்பதால் அன்றைக்கு முற்பகல் முழுவதும் தடையில்லை. வெள்ளி 10.30 முதல் 12 வரை. கடை திறந்ததும் முதல் டெலிவரி கிடைத்தால் ஒழிய வெள்ளி வேண்டாம். ஆயுத பூஜை, ஆடிப்பெருக்கு போன்ற நாட்களில் ஷோரூமில் ஒரே நேரத்தில் பலர் நிற்பார்கள். யாரும் உங்கள் வண்டியை நிதானமாகச் சோதித்துக் கொடுக்க முடியாது.

இந்தச் சாலைக்கென்றே சில நாட்கள் உண்டு. செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30-ஐ ஒட்டிப் பசும்பொன் குருபூஜை: இரண்டுக்கும் போலீஸ் கட்டுப்பாடும் பாதை மாற்றமும் இருக்கும். சித்திரைத் திருவிழாவின்போது மதுரை மட்டுமல்ல, மானாமதுரை, பரமக்குடியிலும் அழகர் ஆற்றில் இறங்குவார். ஆடி, தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் சாலை முழுக்க வேனும் பஸ்ஸும்தான். இந்த நாட்களையும் இவற்றுக்கு முந்தின நாளையும் தவிர்த்துவிடுங்கள்.

3. பணமும் பேப்பரும் முந்தின நாளே முடிய வேண்டும்

டெலிவரி தாமதமாவதற்குப் பெரும்பாலும் காரணம் வண்டி அல்ல, பணம் கணக்கில் ஏறியதை ஷோரூம் உறுதி செய்யாததுதான். மீதித் தொகையை இரண்டு நாள் முன்பே வங்கி வழியாக அனுப்பி ரசீது வாங்கிவிடுங்கள். யு.பி.ஐ.யில் கடைசி நேரத்தில் போடலாம் என்று இருந்தால் உங்கள் வங்கியின் தினசரி வரம்பு குறுக்கே நிற்கும். கடன் வாங்கியிருந்தால் ஃபைனான்ஸ் தொகை ஷோரூமுக்கு வந்துவிட்டதா என்று தனியாகக் கேளுங்கள். கடன் அனுமதி ஆவது வேறு, பணம் வந்து சேர்வது வேறு.

பதிவு விஷயத்தில் ஒரு கண்டிப்பு வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் வந்த திருத்தத்தின்படி, மாநிலத்துக்குள் எந்தப் பதிவு அலுவலகத்திலும் புது வண்டியைப் பதியலாம். விண்ணப்பத்தை டீலரே போட வேண்டும். பதிவெண் மாட்டாமல் வண்டியை உரிமையாளரிடம் கொடுக்கவும் கூடாது. எனவே ராமநாதபுரத்தின் டி.என். 65 வேண்டுமா, மதுரை எண் போதுமா என்பதை புக் செய்யும்போதே சொல்லி, முடியுமா என்று கேட்டுவிடுங்கள். "வண்டிய எடுத்துட்டுப் போங்கண்ணே, நம்பர் பிளேட் அப்புறம் மாட்டிக்கலாம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிளேட் மாட்ட இன்னொரு முறை 230 கி.மீ. அலைய வேண்டியிருக்கும், அதுவரை ரோட்டில் ஓட்டுவதும் குற்றம்.

முந்தின நாள் மாலை போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள்: நம்பர் பிளேட் மாட்டியாச்சா? இன்சூரன்ஸ் காப்பி வந்தாச்சா? கிராஷ் கார்டு, சீட் கவர் எல்லாம் மாட்டியாச்சா? பிளேட் மாட்டிய போட்டோவையும் இன்சூரன்ஸ் பி.டி.எஃப்.பையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். போட்டோ வரவில்லை என்றால் வேலை முடியவில்லை. பயணத்தைத் தள்ளி வையுங்கள்.

இன்சூரன்ஸில் பெயரும் முகவரியும் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்.சி. புத்தகம் இப்போது தபாலில்தான் வீட்டுக்கு வரும். பின்கோடு, செல் நம்பரில் ஓர் இலக்கம் மாறினாலும் அது திரும்பிப் போய்விடும்.

4. கூட வருபவரும் பழைய வண்டியும்

கூட வருபவர் துணைக்கு வரும் நண்பர் மட்டுமல்ல. திரும்பும்போது பழைய வண்டியை அவர்தான் தனியாக ஓட்ட வேண்டும். ஓட்டுநர் உரிமம் கட்டாயம் இருக்க வேண்டும், அந்த வண்டி அவருக்குப் பழக்கமாகவும் இருக்க வேண்டும்.

போகும்போது இருவர் ஏறுவதால் பழைய பைக்கின் பின் டயரில் இருவருக்கான அளவுக் காற்று பிடியுங்கள். திரும்பும்போது ஒருவர்தான் என்பதால் மதுரையில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். செயின், பிரேக் ஷூ, லைட் இவற்றை இரண்டு நாள் முன்பே பாருங்கள். கிளம்புகிற அன்று அதிகாலையில் எந்த மெக்கானிக் கடையும் திறந்திருக்காது.

5. எடுத்துப்போக வேண்டியவை

ஹெல்மெட் இருவருக்கும். ஷோரூமில் கொடுப்பார்கள் என்று ஒன்றோடு கிளம்பினால், போகும்போது பின்னால் இருப்பவர் வெறுந்தலையோடு வர வேண்டும். ஷோரூம் ஹெல்மெட் உங்கள் தலைக்குப் பொருந்தும் என்பதும் நிச்சயமில்லை.

அசல் ஆதார், உரிமம், பணம் கட்டிய ரசீதுகள், இவற்றின் நகல்கள் எல்லாம் ஒரே ஜிப் கவரில் இருக்கட்டும். சிறிய டார்ச், பழைய பருத்தித் துணி, காற்று அளக்கும் கேஜ், டியூப்லெஸ் பஞ்சர் கிட், கைப்பம்பு, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை என்றால் மழைக்கோட்டு. டார்ச் ராத்திரிக்கு அல்ல, வண்டியின் ஃபிரேமில் பொறித்திருக்கும் சேஸிஸ் நம்பர் படிக்க.

6. காலைப் பயணம்

ராமேஸ்வரத்திலிருந்து 5 மணிக்கும், ராமநாதபுரத்திலிருந்து 6.30-க்கும் கிளம்பினால் கடை திறக்கும்போது மதுரையில் இருக்கலாம். பரமக்குடியில் டிபன் சாப்பிடுங்கள். மதுரைக்குள் நுழைந்தபின் சாப்பிடலாம் என்றால் நெரிசலில் முக்கால் மணி நேரம் போய்விடும்.

காலையில் மேற்கே போகிறோம், மாலையில் கிழக்கே வருகிறோம். இரண்டு வேளையும் வெயில் நம் முதுகில்தான். நமக்கு இது வசதி. ஆனால் எதிரே வருகிறவர் கண்ணில் சூரியன் நேராக அடிக்கும். லாரியை முந்த வெளியே வரும் கார்க்காரருக்கு உங்கள் பைக் தெரியவே தெரியாமல் போகலாம். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரியும். பழைய வண்டியில் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

7. ஷோரூமில் பேப்பர் முதலில், வண்டி பிறகு

வண்டியைக் காட்டினால் மனம் அங்கே போய்விடும். அதனால் முதலில் உட்கார்ந்து பேப்பரை முடியுங்கள். இன்வாய்ஸ், படிவம் 21 என்ற விற்பனைச் சான்று, படிவம் 22 என்ற சாலைத் தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், பதிவெண் விவரம் ஆகியவை வேண்டும். புது டூவீலருக்கு மூன்றாம் நபர் காப்பீடு 5 ஆண்டுக்குக் கட்டாயம். நம் வண்டியின் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் 1 ஆண்டுக்குத்தான் இருக்கும். இரண்டு தேதிகளையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். புகைச் சான்று முதல் ஓராண்டுக்குத் தேவையில்லை. அதற்கென்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

வண்டி எந்த மாதம் தயாரானது என்பது படிவம் 21-ல் இருக்கும். ஆறு மாதத்துக்கும் மேல் நின்ற வண்டி என்றால் பேட்டரியையும் டயரையும் கூடுதல் கவனத்தோடு பாருங்கள்.

8. வண்டியைப் பார்ப்பது

இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள். உள்ளே விளக்கொளியில் அல்ல, வெளியே வெயிலில் நிறுத்திப் பாருங்கள். டேங்க் கீறல் வெயிலில்தான் தெரியும்.

முதல் வேலை சேஸிஸ் நம்பர். பெரும்பாலான பைக்குகளில் ஹேண்டில் கழுத்துப் பக்கம், ஃபிரேமில் பொறித்திருக்கும். ஹேண்டிலை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்வாக அடித்தால் எழுத்து நிழலோடு எழும்பி நிற்கும். நேராக அடித்தால் பளபளப்பில் படிக்க முடியாது. 17 எழுத்தையும் ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் இன்சூரன்ஸில் விரல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். எட்டும் பி என்ற எழுத்தும் மாறுவது சாதாரணம். இதில் ஓர் எழுத்து தப்பினால், விபத்து இழப்பீடு கேட்கும் நாளில் கம்பெனி அதைத்தான் முதலில் காட்டும். எஞ்சின் நம்பரும் இதே மாதிரிதான்.

பிறகு டயர். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. காற்றைக் கேஜ் வைத்து அளங்கள். குடோனில் நிற்கும் வண்டியில் அதிகமாகப் பிடித்து வைத்திருப்பார்கள், டெலிவரி அவசரத்தில் குறைக்க மறந்துவிடுவார்கள். சரியான அளவு ஸ்விங் ஆர்மிலோ (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) செயின் கவரிலோ ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். காற்று அதிகமானால் புது டயரின் வழவழப்போடு சேர்ந்து பிடிமானம் இன்னும் குறையும்.

செயினைக் கீழ்ப்பகுதியின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பெரும்பாலான சாதாரண பைக்குகளில் 20 முதல் 30 மி.மீ. ஆட்டம் இருக்க வேண்டும். முறுக்காக இருந்தால் அங்கேயே தளர்த்தச் சொல்லுங்கள். இறுகிய செயினோடு 120 கி.மீ. வந்தால் ஸ்ப்ராக்கெட் என்ற பல்சக்கரமும் பேரிங்கும் அடி வாங்கும்.

கிளட்ச் லீவரில் சிறிது வெற்று ஆட்டம் வேண்டும். எஞ்சின் ஆயில் அளவைச் சென்டர் ஸ்டாண்டில் அல்லது நேராக நிமிர்த்திப் பாருங்கள், சைடு ஸ்டாண்டில் பார்த்தால் தப்பாகக் காட்டும். கண்ணாடி நட்டு, நம்பர் பிளேட் ரிவெட், கிராஷ் கார்டு போல்ட் மூன்றையும் கையால் அசைத்துப் பாருங்கள். நேற்று மாட்டியவை இவைதான், வழியில் கழன்று விழுவதும் இவைதான். ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு சாவி போட்டதும் எரிந்து, வண்டி நகர்ந்த சில மீட்டரில் அணைய வேண்டும். இரண்டு சாவி, டூல் கிட், முதலுதவிப் பெட்டி, ஹெல்மெட், கையேடு எல்லாம் வாங்கிவிட்டுத்தான் டெலிவரி தாளில் கையெழுத்து. கையெழுத்துப் போட்டபின் தெரிகிற கீறல் உங்கள் கீறல்.

9. பூஜை முடிந்ததும்

எலுமிச்சம்பழம் ஏற்றி, சூடம் காட்டியதும் மாலையோடு அப்படியே கிளம்பிவிடுகிறார்கள். மாலையைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். காற்றில் ஆடும் மாலை முன் சக்கரத்திலோ டிஸ்க்கிலோ சுற்றிக்கொண்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஹெட்லைட் கண்ணாடி, மீட்டர், பக்கக் கண்ணாடி மேல் உள்ள சந்தனத்தை ஈரம் காயும் முன் துடையுங்கள். பொட்டு டேங்கில் இருக்கட்டும். டிஸ்க் பிளேட்டில் எண்ணெயோ சந்தனமோ பட்டிருந்தால் அதை அங்கேயே சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

சீட் மேல் உள்ள பாலிதீன் உறையையும் எடுத்துவிடுங்கள். அழுக்காகாது என்று விட்டுவைப்பவர்கள், பிரேக் பிடிக்கும்போது முன்னால் வழுக்குவார்கள்.

10. முதல் 20 கி.மீ.

ஷோரூமில் ஊற்றும் பெட்ரோல் பக்கத்துப் பங்க் வரைக்கும்தான். முதல் வேலை ஐந்து, ஆறு லிட்டர் போடுவது. லிட்டருக்கு 45 கி.மீ. என்றாலும் ராமேஸ்வரம் வரை நான்கு லிட்டர் போதும், மீதி கையிருப்பு. கழுத்து வரை நிரப்ப வேண்டாம்.

நகர நெரிசலில் புது வண்டியோடு அலையாமல் ரிங் ரோடு வழியாக விரகனூர் சந்திப்புக்கு வந்து ராமேஸ்வரம் சாலையைப் பிடியுங்கள். காலியான இடம் கிடைத்ததும் பிரேக்கைப் பதப்படுத்த வேண்டும். பின்னால் வண்டி இல்லையென்று பார்த்து, 40-லிருந்து 15 வரை மெதுவாக அழுத்தி வேகம் குறைப்பது, மறுபடி 40-க்குப் போவது, இப்படி எட்டு பத்துத் தடவை. பேடும் டிஸ்க்கும் இன்னும் முழுசாகப் பொருந்தியிருக்காது. முதல் நாள் பிரேக் நீங்கள் நினைப்பதைவிடத் தள்ளித்தான் நிறுத்தும், பழைய வண்டியின் கணக்கில் இடைவெளி விடாதீர்கள்.

திருப்புவனத்தில் ஒரு முறை நிறுத்திச் சுற்றிப் பாருங்கள். சைலன்சரிலிருந்து லேசான புகையும் வாடையும் வந்தால் பயம் வேண்டாம், மேல் பூச்சு சூட்டில் எரிகிறது. எஞ்சினுக்கு அடியில் ஆயில் சொட்டு தெரிந்தால் மேலே போகாதீர்கள். மதுரை இன்னும் பக்கத்தில்தான் இருக்கிறது.

11. நான்கு வழிச் சாலையில் ஒரே வேகம் வேண்டாம்

புது எஞ்சினுக்கு இந்த 75 கி.மீ.தான் சோதனை. ரோடு நன்றாக இருப்பதால் 60-ல் வைத்து ஒரு மணி நேரம் அப்படியே வரத் தோன்றும். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் ஒன்றுக்கொன்று பொருந்த, எஞ்சின் மேல் விழும் சுமை கூடிக் குறைய வேண்டும். ஒரே வேகம் அதைத் தராது. 40-லிருந்து 55 வரை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். டாப் கியரில் 25-ல் இழுக்க விடுவதும் கெடுதல்தான், கியரைக் குறையுங்கள். ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருக வேண்டாம். உங்கள் வண்டியின் சரியான எல்லை கையேட்டில் இருக்கும், அதுவே முடிவு.

புது வண்டியில் ஒருவர்தான், பையும் பழைய வண்டியில்தான். பழைய வண்டி பின்னால் வர வேண்டும். முன்னால் போனால் அதன் வேகத்தைப் பிடிக்கத்தான் புது வண்டிக்காரர் முறுக்குவார். பின்னால் வந்தால் பிரேக் லைட் எரிகிறதா, எதுவும் கழன்று ஆடுகிறதா என்பதும் தெரியும்.

திருப்பாச்சேத்தியிலும், பரமக்குடி தாண்டிப் போகலூரிலும் டோல்கேட் உண்டு. டூவீலருக்குக் கட்டணம் இல்லை, இடது ஓரத்து வழியில் போய்விடலாம். மீடியன் இடைவெளிகளில் எதிர்த்திசையில் வரும் பைக்குகளைக் கவனியுங்கள். மானாமதுரையில் பத்து நிமிடம், பரமக்குடியில் இருபது நிமிடம் நிற்கலாம். அது எஞ்சின் ஆறுவதற்கு மட்டுமல்ல. புது சீட், புது ஹேண்டிலுக்கு உங்கள் மணிக்கட்டு இன்னும் பழகவில்லை.

12. பரமக்குடிக்குக் கிழக்கே

இங்கிருந்து இருவழிச் சாலை. நான்கு வழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வேலை நடக்கும் இடங்களில் ஜல்லியும் திடீர்த் திருப்பமும் இருக்கும் என்று எண்ணியே வாருங்கள்.

அறுவடைக் காலத்தில் தை, மாசியில் நெல்லையும், அதன்பின் மிளகாயையும் ரோட்டில் காயப்போடுவார்கள், கிளைச் சாலைகளில் அதிகம். நெல் மேல் பிரேக் பிடித்தால் டயர் உருளும். நெல்லைவிட ஆபத்து, ஓரத்தில் வரிசையாக வைக்கும் கல். மாலை நிழலில் கல் தெரியாது.

எங்கே நிறுத்தினாலும் தாரை விட்டு மண்ணில் இறக்காதீர்கள். இந்தப் பக்கம் இரண்டு ஓரமும் சீமைக் கருவேல். வெட்டிப்போட்ட கிளையின் முள் மண்ணுக்குள் கிடக்கும். டியூப்லெஸ் டயரில் முள் ஏறினால் உடனே தெரியாது, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி ராத்திரியில்தான் காட்டும். டீக்கடை, பங்க் போன்ற கெட்டித் தரையில் மட்டும் நிறுத்துங்கள். முள்ளைப் பார்த்தால் ரோட்டோரத்தில் பிடுங்க வேண்டாம். பஞ்சர் கிட்டையும் பம்பையும் எடுத்து வைத்துக்கொண்டு பிடுங்குங்கள்.

சத்திரக்குடி தாண்டியதும் மாலையில் மாடும் ஆடும் வீடு திரும்பும் நேரம். ஒரு ஆடு கடந்தால் பின்னாலேயே மந்தை வரும், ஹாரன் அடிக்காமல் நின்றுவிடுங்கள். மீன் வண்டியின் பின்னால் போகாதீர்கள். ஒழுகும் தண்ணீர் ரோட்டை வழுக்கலாக்கும், உங்கள் புது வண்டி மேல் உப்பும் தெறிக்கும்.

13. உச்சிப்புளி முதல் பாம்பன் பாலம் வரை

ஆனி, ஆடி, ஆவணியில் தென்மேற்குக் காற்று பக்கவாட்டில் அடிக்கும். மரம் நிறைந்த பகுதியிலிருந்து வெட்டவெளிக்கு வரும்போதுதான் வண்டியைத் தள்ளும். கைப்பிடியை இறுக்காமல், முழங்காலால் டேங்கைப் பிடித்து 40-க்குக் கீழே வாருங்கள். காற்று மணலைக் கொண்டுவந்து வளைவுகளில் கொட்டியிருக்கும். புது டயரைச் சாய்க்காமல், முன்கூட்டியே வேகம் குறைத்துத் திரும்புங்கள்.

பாம்பன் சாலைப் பாலம் 2.3 கி.மீ. நீளம். ரயில் பாலத்தைப் பார்க்க நிற்பவர்களால் பாலத்தின் மேல் கார் கதவுகள் திடீரென்று திறக்கும். நிற்கும் வண்டிகளை ஒட்டிப் போக வேண்டாம். பாலத்தின் மேல் நின்று புது வண்டியோடு போட்டோ எடுக்கவும் வேண்டாம், பாலம் இறங்கியதும் எடுத்துக்கொள்ளலாம்.

14. வீட்டுக்கு வந்தபின்

அன்றிரவே கழுவ வேண்டாம். சூட்டில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மறுநாள் காலையில் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். நம் பக்கத்தில் பல வீட்டு போர் தண்ணீர் உப்பு. அதில் கழுவுவது, கடல்காற்று ஒரு மாதத்தில் செய்வதை ஒரே நாளில் செய்துவிடும். லாரித் தண்ணீரோ குடத்துத் தண்ணீரோ இரண்டு பக்கெட் போதும். துடைத்து, சிறிது தூரம் ஓட்டி, பிரேக்கைக் காய வைத்து, செயினுக்கு லூப் (செயின் எண்ணெய்) அடியுங்கள். சைலன்சர் போல்ட், ஃபுட்ரெஸ்ட், ஸ்டாண்ட் ஸ்பிரிங் இவற்றில்தான் துரு முதலில் ஏறும். துருத் தடுப்பு ஸ்பிரேயைத் துணியில் அடித்துத் தடவுங்கள், டிஸ்க் பக்கம் போகக் கூடாது. பிளாஸ்டிக் தார்பாய் போட்டு மூடினால் உப்பு ஈரம் உள்ளேயே தங்கும், துணிக் கவர்தான் சரி.

செயினின் ஆட்டத்தை மறுபடி அளங்கள். முதல் 150 கி.மீ.யில் கொஞ்சம் தளர்ந்திருக்கும். முதல் சர்வீஸ் கிலோமீட்டரிலோ நாளிலோ எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. பல கம்பெனிகளில் அது 500 முதல் 1000 கி.மீ.க்குள் வரும், ராமேஸ்வரத்துக்காரருக்கு முதல் நாளிலேயே 170 ஓடிவிட்டது. அதற்காக மதுரைக்குப் போக வேண்டியதில்லை. அதே கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் ராமநாதபுரத்தில் இருந்தால் இலவச சர்வீஸ் கூப்பனோடு அங்கேயே போகலாம். எஞ்சின் நம்பரைச் சொல்லி முன்கூட்டியே நாள் வாங்கிவிடுங்கள்.